ஊர் சுற்றப் போன அலமாரி

தச்சரின் மனைவி மரம் வளர்க்கும் வேலைக்குப் போனதில் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. எந்த மரத்தை வளர்க்கிறாள் என்பதில்தான் தகராறு.

ஊருக்கு வெளியே செங்கல் சூளைகள் மூடிப்போய்ச் சும்மா கிடந்த மேட்டு நிலத்தை ஒரு கம்பெனி எடுத்து, வெகு வேகமாக வளரும் ஒரு ஜாதி மரத்தை வரிசை வரிசையாக நட்டிருந்தது. பவுலோனியா என்று பெயர். அந்தப் பெயர் தெருவில் யார் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை. ஒருவர் பாலோனியா என்றார், இன்னொருவர் பெலூனியா என்றார், கடைசியில் பலூன் மரம் என்று எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அங்கே நாற்று வளர்க்கப் போனதால் அவளுக்கும் செடிக்காரி என்று பெயர் விழுந்தது. தச்சர் மட்டும் பலூன் என்றுகூடச் சொல்ல மாட்டார். அவருக்கு அது அவசர மரம்.

"நட்டு ஏழெட்டு வருஷத்துல வெட்டிரலாம்னா அது மரமே இல்ல. உயரமா வளர்ந்த கீரைத்தண்டு" என்பார், இழைப்புளியிலிருந்து கையை எடுக்காமலே.

செடிக்காரியின் வேலை நாற்றங்காலில். வேர்த்துண்டுகளை மண் நிரப்பிய பைகளில் ஊன்றி, முளை விட்டதும் கண்ணும் கருத்துமாகப் பார்த்து, ஒரு முழம் வந்ததும் தோட்டத்துக்கு அனுப்புவாள். முதல் வருஷம் நட்ட கன்றுகள் அந்த வருஷமே ஆளைத் தாண்டி வளர்ந்தன. அவள் பெருமைப்பட்டு முடிப்பதற்குள் மேனேஜர் வந்து நின்றார்.

"எல்லாத்தையும் தரையோட வெட்டிருங்க."

"சார், நல்லாத்தானே வளருது?"

"நல்லா வளரத்தான் வெட்டச் சொல்றேன். இது கோணல் மாணலா வந்த தண்டு. கீழ வேர் இப்ப நல்லாப் பிடிச்சிருச்சு. ஒரு தடவை வெட்டினா அடுத்து வர்ற தண்டு ஒரே நேரா மேல போகும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வெட்டினாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது தச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நட்டு, வளர்த்து, வெட்டி, மறுபடி வளர்க்கிறதா? உங்க மேனேஜருக்கு மறை கழண்டிருச்சா?" என்றார். ஆனால் சில வாரங்களில் வெட்டிய கட்டைகளிலிருந்து அம்பு விட்டதுபோலத் தண்டுகள் கிளம்பின. அதையும் வந்து சொன்னாள்.

"நேரா வளர்றது பெரிய விஷயமில்ல. சாமானா மாறின பிறகு நேரா நிக்குதான்னு பார்க்கணும்" என்றார் அவர்.

சாப்பிட உட்காரும்போது அவள் பொறுமையாக விளக்கிப் பார்ப்பாள். மரம் வளரும்போது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கார்பனைத் தன் உடம்பிலேயே கட்டி வைத்துக்கொள்கிறது. வேகமாக வளர்கிற மரம் வேகமாக இழுக்கிறது. எங்கோ புகை விடுகிற ஆலைக்காரர்கள் அதற்காகக் கம்பெனிக்குப் பணம் தருகிறார்கள்.

"அப்ப நம்ம அடுப்புப் புகையையும் அது குடிச்சுக்குமா?" என்று கேட்பார் மாமியார்.

"குடிச்சுக்கும் அத்தை."

"பாவம், எவ்வளவு உபகாரம் பண்ணுது. இவன் என்னடான்னா அதைக் கீரைங்கறான்."

இந்த மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தச்சரின் அம்மா அவர். வாய் நல்ல வாய், கையும் நல்ல கை, ஆனால் அந்தக் கை சும்மா இருக்காது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டில் கிழக்கே பார்த்துக் கிடந்தால் வடக்கே திருப்பத் தோன்றும். வடக்கே திருப்பினால் ஜன்னல் காற்று காலில் படுகிறது என்று தோன்றும். மேசை சமையலறைக்கு வரும், பிறகு வந்தது தப்பு என்று தெரியும். ஒரு நாளாவது எல்லாம் அது அது இருந்த இடத்தில் இருந்தால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

இதற்கு ஒரே தடை மகனின் தொழில் சுத்தம். தச்சர் வீட்டுக்கென்று செய்த சாமான்கள் எல்லாம் கனமான வைரம் பாய்ந்த மரத்தில் செய்தவை. கட்டிலை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். படுக்கையறையில் அவர் கல்யாணத்துக்குச் செய்த அலமாரி ஒன்று ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு வீட்டில் யானை என்று பெயர். அது அசைந்ததே இல்லை. மாமியார் அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவார். தபால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர், யாராக இருந்தாலும் சரி. "தம்பி, ஒரு கை பிடிப்பா" என்ற குரல் கேட்டால் கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

ஏழெட்டு வருஷம் ஓடி, தோட்டத்தில் முதல் மரங்கள் வெட்டும் பருவத்துக்கு வந்தன. வெட்டியாயிற்று, அறுத்தாயிற்று, நிழலில் அடுக்கிக் காய வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் மேனேஜருக்குத் தூக்கம் போனது. வந்து வாங்கியவர்கள் எல்லாம் பழப்பெட்டி அடிக்கிறவர்கள். பழப்பெட்டி ஒரு பருவம் தாங்கும், அப்புறம் உடைத்து அடுப்பில் வைப்பார்கள்.

"அடுப்புல வச்சா பிடிச்சு வச்ச கார்பன் எல்லாம் மறுபடி காத்துக்கே போயிரும். வருஷக்கணக்கா உழைச்சுப் பிடிச்சதை நாமளே அவுத்து விட்ட மாதிரி" என்று அவர் செடிக்காரியிடம் புலம்பினார். "பணம் தர்றவங்க ஆளனுப்பப் போறாங்க. மரம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. கதவு, கட்டில், அலமாரின்னு நாள்பட இருக்கிற சாமானா ஆச்சுன்னா அதுக்கு மதிப்பு வேற. ஆனா இந்த ஊர்த் தச்சருங்க யாரும் பலகையைத் தொட மாட்டேங்கறாங்க. பார்த்ததும் சிரிக்கிறாங்க."

"எங்க வீட்லயே ஒருத்தர் இருக்கார் சார். இருக்கிறதுலயே சத்தமா சிரிக்கிறவர் அவர்தான்."

அன்று சாயங்காலம் செடிக்காரி ஒரு கட்டுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வந்தாள். வேறு மரமாக இருந்தால் அதற்கு வண்டி வேண்டும். பட்டறை வாசலில் இறக்கி வைத்ததும் தச்சர் ஒரு பலகையை எடுத்து இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஆள் இல்ல போலிருக்கே."

"ஒரே ஒரு சாமான் பண்ணிக் குடுங்க. நாற்காலின்னாலும் பரவாயில்ல."

"நானா? இதுலயா? நாளைக்கு அது பொத்துனு விழுந்தா யார் பேரு கெடும்? மரத்தோட பேரா, என் பேரா?"

"முயற்சி பண்ணிப் பார்க்காமலே எப்படி விழும்னு சொல்றீங்க?"

"முப்பது வருஷமா உளி பிடிக்கிறேன். தட்டிப் பார்த்தா தெரியாதா?"

இந்தப் பேச்சு எங்கே போய் முடிந்திருக்குமோ, அதற்குள் மாமியார் பட்டறைக்கு வந்துவிட்டார். என்ன சத்தம் என்று கேட்க வந்தவர், காலடியில் கிடந்த நீளப் பலகை ஒன்றை ஓரமாக வைக்கலாம் என்று குனிந்து தூக்கினார். கனமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கியதால் பலகை தலைக்கு மேலே போய்விட்டது. அவர் அப்படியே நின்றார். பலகையை ஒரு கைக்கு மாற்றினார். அப்புறம் மறு கைக்கு. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகன் பிறந்தபோதுகூட அப்படி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

"டேய்" என்றார் மெதுவாக. "இதுல எனக்கு ஒரு அலமாரி பண்ணு."

"அம்மா, உனக்கு யானை இருக்கே."

"யானையை நீயே வச்சுக்க. எனக்கு இது வேணும். பெரிசா. ரெண்டு கதவு வச்சு."

பெண்டாட்டி கேட்டு மறுத்துவிடலாம். அம்மா கேட்டு மறுக்கிற தைரியம் அந்தத் தெருவில் எந்த ஆண்பிள்ளைக்கும் இல்லை. தச்சர் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஒழுங்காகச் செய்வோம், ஒரு குறை வைக்காமல் செய்வோம். அப்படியும் அது ஆறு மாதத்தில் பல்லை இளிக்கும். அப்புறம் இந்த வீட்டில் அவசர மரம் என்ற பேச்சே வராது.

முதல் நாள் ரம்பம் வைத்தார். வழக்கமான வேகத்தில் ஒரு இழுப்பு இழுத்ததும் பலகை அறுபட்டு, அவர் ரம்பத்தோடு முன்னால் போய் மேசையில் முட்டிக்கொண்டார். "என்ன மரம் இது, எதுத்து ஒரு வார்த்தை பேசாது போல" என்று முணுமுணுத்தார். திருகாணியை இறுக்கினால் பிடி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே போனது. நகம் பட்டால் தடம் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பக்கம் திரும்பி, "வந்து பாரு, உன் மரத்தோட லட்சணத்தை" என்று கத்துவார். செடிக்காரி வந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் போவாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவரை உசுப்பிவிட்டது.

திருகாணியை விட்டுவிட்டு, கெட்டி மரத்தில் சின்னச் சின்ன முளைகள் சீவி, துளை போட்டு, பசை தடவி இறக்கினார். பிடித்துக்கொண்டது. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. கீல் வரும் இடத்தில் மட்டும் கெட்டி மரத்தில் ஒரு பட்டை கொடுத்தார். நகத்தடம் விழாமல் இருக்க மேலே எண்ணெய் பூசித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பலகையில் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு வந்தது. நடுவில் நாலு நாள் அடைமழை பிடித்தது. பட்டறையில் இருந்த வேறு பலகைகள் ஈரத்தில் உப்பி முரண்டு பிடித்தன. இது மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. தச்சர் அன்றைக்கு வெகு நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை.

"எப்படிங்க வந்திருக்கு?" என்று செடிக்காரி சாப்பாட்டின்போது கேட்டாள்.

"பரவாயில்ல" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. ஆனாலும் அவசரமாக, "ஆறு மாசம் போகட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

யானையைப் பட்டறைக்குக் கொண்டுபோகத் தெருவே வந்தது. புது அலமாரியைத் தச்சரும் செடிக்காரியுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பேசிக்கொண்டே கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார்கள். மேனேஜர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சிரிக்கத் தெரியாத மனிதர் அன்றைக்குச் சிரித்தார்.

மறுநாள் காலையில் மாமியார் ஆரம்பித்தார்.

இடுப்பால் ஒரு முட்டு, அலமாரி சுவர் மாறியது. மத்தியானம் கூடத்துக்கு வந்தது. சாயங்காலம் திரும்ப அறைக்குப் போனது, ஆனால் வேறு மூலைக்கு. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தச்சர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து சட்டைக்காக வீடு முழுக்கத் தேடுவார். "அம்மா, அலமாரி எங்கம்மா?" "சமையக்கட்டுல பாரு, இல்லேன்னா பின்கட்டுல." ஒரு நாள் பட்டறையிலிருந்து வந்தவர் வாசல் கதவைத் தள்ளினார், திறக்கவில்லை.

"அம்மா! கதவுக்குப் பின்னால என்ன வச்சிருக்க?"

"கொஞ்சம் இருடா. அலமாரியை இங்க வச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுட்டு இருக்கேன்."

"யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நான் தெருவுல நிக்கணுமா?"

"நின்னா என்ன? நல்ல காத்து வருது."

தலையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, அவர் ஒன்றைக் கவனிக்காமல் இல்லை. இத்தனை இழுப்பு இழுத்தும் அலமாரியின் மூட்டு ஒன்றுகூட விடவில்லை. யானையை இப்படி இழுத்திருந்தால் கால் உடைந்திருக்கும்.

பணம் தருகிறவர்கள் அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தார். நடுத்தர வயது அம்மாள். தோளில் ஒரு பை, கழுத்தில் கண்ணாடி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். கார்பனைக் கணக்குப் பார்க்கிறவர் என்பதால் தோட்டத்தில் எல்லோரும் அவரைக் கணக்கு மேடம் என்றார்கள். காலை முழுவதும் மரங்களைச் சுற்றி டேப்பை வைத்து அளந்தார். கட்டைகளில் மறுபடி துளிர்த்திருப்பதைக் குனிந்து பார்த்தார். பிறகு, "வெட்டின மரத்துல பண்ணின சாமான் ஏதோ இருக்குன்னீங்களே. அதைப் பார்க்கணும்" என்றார்.

மேனேஜர் போனில் இருந்த போட்டோவை அவருக்கு அனுப்பிவிட்டு, செடிக்காரியைத் தனியே கூப்பிட்டார். "நீங்க கூட்டிட்டுப் போங்க. எனக்கு டவுன்ல ஒரு சின்ன வேலை. முடிச்சிட்டு நேரா உங்க வீட்டுக்கு வந்துடறேன்." என்ன வேலை என்று சொல்லவில்லை. சொல்கிற மாதிரி வேலையில்லை அது. காலையில் ஒரு கட்டையைத் தாண்டும்போது அவருடைய பேண்ட் பின்பக்கம் கிழிந்திருந்தது. அதனால்தான் அவர் அன்று முழுக்க யாருக்கும் முதுகைக் காட்டாமல் நடந்துகொண்டிருந்தார்.

வீட்டில் மாமியார் இல்லை. கட்டில் மேல் துணிகள் மலைபோலக் குவிந்திருந்தன. செடிக்காரி படுக்கையறையைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள். பின்கட்டுக் கதவையும் திறந்து பார்த்தாள். கணக்கு மேடம் போனில் இருந்த போட்டோவையும் வெறும் ஜன்னலோரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கதானே இருந்தது?"

"இங்கதான் மேடம். இங்கயும் இருந்தது."

சத்தம் கேட்டுத் தச்சர் பட்டறையிலிருந்து வந்தார். அவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியார் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார்.

"அத்தை, அலமாரி எங்க?"

"அதுவா? மூணாவது வீட்டுக்கு, டீச்சரம்மாகிட்டப் போயிருக்கு."

"போயிருக்கா? அது என்னம்மா, விருந்தாளியா?" என்றார் தச்சர்.

"அவங்க வீட்டுக்குத்தான் விருந்தாளிங்க வந்தாங்க. கூடத்துல படுக்க வச்சாங்களாம், நடுவுல ஒரு மறைப்பு வேணும்னாங்க. நானும் டீச்சரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் கொண்டுபோய் வச்சோம். தூக்கின மாதிரியே இல்ல."

"எரிச்சுட மாட்டாங்களே?" என்றார் கணக்கு மேடம். அவருடைய கவலை அவருக்கு.

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எரிக்கிறதா? அதை நகர்த்தவே எனக்கு நேரம் பத்தல."

எல்லோரும் மூன்றாவது வீட்டுக்குப் போனார்கள். டீச்சரம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். "திருப்பிக் கொண்டு வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தையல்காரர் வந்து கேட்டார். அவர் கடையில துணி போட்டுப் பார்க்கிற இடத்துல திரை அறுந்து போச்சாம். உங்க பொருளாச்சே, கேட்டுட்டுத் தர்றேன்னு சொன்னேன். நானே கேட்டுக்கிறேன்னுட்டார்."

"கேக்கலையே" என்றார் மாமியார்.

"எப்படி எடுத்துட்டுப் போனார்?" என்றார் தச்சர்.

"தலையில வச்சுக்கிட்டு" என்றார் டீச்சரம்மா.

இப்போது டீச்சரம்மாவும் சேர்ந்துகொண்டார். ஐந்து பேராகத் தெருவில் இறங்கிப் போனதைப் பார்த்து இன்னும் சிலர் என்ன ஏதென்று பின்னால் வந்தார்கள். செடிக்காரி மனதுக்குள் புலம்பிக்கொண்டே நடந்தாள். எத்தனை வருஷ உழைப்பு. கடைசியில் அது ஒரு அலமாரியாகித் தொலைந்து போனது என்று எழுதிக்கொண்டு போகப் போகிறார்கள். கணக்கு மேடத்தின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

தையல் கடை குறுகலானது. முன்னால் மிஷின், சுவரெல்லாம் தொங்கும் துணி. பின் மூலையில் அவர்களுடைய அலமாரி கம்பீரமாக நின்றது. உள்தட்டுகளைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார் தையல்காரர். கதவு சாத்தியிருந்தது. தச்சர் போய்க் கதவைத் தட்டினார்.

"ஆளிருக்கு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

செடிக்காரிக்கு அது தெரிந்த குரல். "சார்?"

உள்ளே ஒரு முழங்கை பலகையில் முட்டியது. பிறகு, "ஏம்மா, நீங்க எங்க இங்க?" என்றது குரல்.

"நாங்க அலமாரியைப் பார்க்க வந்தோம் சார். கணக்கு மேடமும் வந்திருக்காங்க. நீங்க அலமாரிக்குள்ளதான் இருக்கீங்க."

"நம்ம அலமாரியா இது?" குரல் கம்மியது. "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம். பேண்ட்டு தச்சுட்டு இருக்காங்க."

தையல்காரரின் மிஷினில் மேனேஜரின் பேண்ட் கிடந்தது. கூட்டத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் கதவின் மேல் ஓரத்தில் நின்றிருந்தது. உள்பக்கம் யாரோ தாழ்ப்பாள் வைத்து அடித்திருந்தார்கள். இரண்டு பெரிய ஆணிகள் வெளிப்பக்கம் வரை வந்து வளைந்து கிடந்தன.

"இதுல ஆணி அடிச்சது யாரு?"

"நான்தான் அண்ணே. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாம ஜனங்க கூச்சப்படறாங்க..."

"ஆணியா அடிச்ச? இந்த மரத்துலயா?" தச்சரின் குரல் ஏறியது. "இது எப்பேர்ப்பட்ட மரம்னு தெரியுமாய்யா உனக்கு? அடைமழையில ஊர்ல இருக்கிற கதவெல்லாம் உப்பிக்கிட்டு நின்னப்ப இது ஒரு நூல் அசையல. தொட்டுப் பாரு, பட்டு மாதிரி இருக்கா இல்லையா? இதுக்கு முளை வைக்கணும், பசை வைக்கணும், கொழந்தை மாதிரி பார்க்கணும். எங்க அம்மா கையில இத்தனை நாள் தாக்குப்பிடிச்ச சாமான் உலகத்துல வேற எது இருக்கு? இதைப் போயி... என் பெண்டாட்டி கண்ணுல தண்ணி விட்டு வளர்த்த மரம்யா இது!"

அவர் நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். செடிக்காரி தொங்கிக்கொண்டிருந்த ஒரு ரவிக்கைத் துணியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகம் காது வரை சிவந்திருந்தது.

"ஆறு மாசம் இன்னும் ஆகலையேடா" என்றார் மாமியார்.

"அம்மா, நீ சும்மா இரு."

பேண்ட் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. மேனேஜர் வெளியே வந்தார், தலையை வாரிக்கொண்டு, எதுவும் நடக்காதவர்போல. கணக்கு மேடம் அலமாரியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார், அது லேசாக மேலே வந்ததும் அவர் புருவம் உயர்ந்தது. மூட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"இது எத்தனை வருஷம் தாங்கும்?" என்று தச்சரிடம் கேட்டார்.

"நான் பண்ணினது மேடம். இதுல என்ன கேள்வி?"

"ஒரு அலமாரியை வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது" என்றார் அவர். "உபயோகத்துல இருக்கு, அது தெரியுது. மூணு குடும்பம் உபயோகப்படுத்துது. ஒரே சாமானை இத்தனை பேர் உபயோகப்படுத்தி நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. ஆனா மிச்சப் பலகை என்ன ஆகும்? அதுக்கு வழி சொல்லுங்க."

யாரும் சொல்வதற்குள் டீச்சரம்மா, "எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும், கொஞ்சம் குட்டையா" என்றார். தையல்காரர், தாழ்ப்பாளோடேயே செய்து தருவீர்களா என்று கேட்டார். பின்னால் வந்திருந்த பெண்களில் ஒருத்தி தன் வீட்டில் கட்டிலைத் தூக்கிக் கூட்ட முடியாமல் இடுப்பு ஒடிவதைச் சொன்னாள், இன்னொருத்தி வாடகை வீடு மாறும்போதெல்லாம் பட்ட பாட்டைச் சொன்னாள். கனமான சாமானை வைத்துக்கொண்டு இந்தத் தெருப் பெண்கள் எவ்வளவு அவதிப்பட்டிருக்கிறார்கள் என்று தச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சாமானைச் செய்து கொடுத்ததே அவர்தான்.

கணக்கு மேடம் அடுத்த வருஷம் திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது மாமியாரிடம், "இனிமே இரவல் குடுத்தா யார் வீட்ல இருக்குன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். அவர் சிரித்த மாதிரி இருந்தது. மேனேஜர் அதை இல்லை என்கிறார்.

பழப்பெட்டிக்காரர்களுக்குப் போகும் பலகை குறைந்தது. பட்டறை கட்டிலும் ஸ்டூலும் அலமாரியுமாக நிறைந்தது. வேலை தாங்காமல் தச்சர் பக்கத்துத் தெருத் தச்சர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் முதல் நாள் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தபோது, "சிரிச்சு முடிச்சாச்சுன்னா வேலையைப் பாருங்க" என்றார்.

ஒரே ஒரு குறை அவருக்கு இருந்தது. சில பலகைகளில் முடிச்சு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறையைச் சொல்வதற்கென்றே மனைவியோடு தோட்டத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மரங்கள் இரண்டு பக்கமும் தூண் மாதிரி நிற்க, நடுவில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"பக்கக் கிளை வர்றதை விட்டா முடிச்சு விழத்தான் செய்யும். யாரு இதைப் பார்க்கிறது?"

"நான்தான் பார்க்கிறேன். மொட்டா இருக்கும்போதே கையால தேச்சு எடுத்துடணும். நான் ஒருத்தி எத்தனை மரத்துக்கு ஏணி போட்டு ஏர்றது?"

"அது ஒரு பெரிய வேலையா?"

செடிக்காரி ஏணியை எடுத்து ஒரு மரத்தில் சாய்த்து வைத்தாள். கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினார். வெயில் சாயும் வரை அண்ணாந்து பார்த்தபடி ஒவ்வொரு மரமாக மொட்டுத் தேய்த்தார். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்து வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் தச்சரால் தலை குனிய முடியவில்லை. உளி பிடித்தால் உளி தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. மாமியார் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார்.

"இனிமே அந்தப் பக்கம் போவியா?" என்று கேட்டார்.

"போகாம?" என்றார் தச்சர், கூரையைப் பார்த்தபடியே. "கிழக்குப் பக்க வரிசை அப்படியே கிடக்கு."